கேமரா போட்ட அபராதம்: கட்டுவதா, கேட்பதா?



மாதாமாதம் நம் குழுக்களின் உள்கடன் பேரேட்டைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் சரிபார்க்கிறோம். 'கடன் நோக்கம்' என்ற கட்டத்தில் வழக்கமாக என்ன எழுதியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மருத்துவம், பள்ளிக் கட்டணம், ஆடு வாங்க, தறிச் சாமான், மல்லிகைக்கு மருந்து, மகள் சீமந்தம். சென்ற ஆண்டு பாளையம்பட்டியில் மூன்று குழுக்களின் பேரேட்டில் புதிதாக ஒரு நோக்கம் கண்ணில் பட்டது: 'வண்டி அபராதம்'. தொகை ஆயிரம், இரண்டாயிரம். சிறிய தொகைதான். ஆனால் நம் சேமிப்பில் இருந்து போகிற பணம். எதற்குப் போகிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

கேட்டதில் ஒரு உறுப்பினரின் கதை வெளியே வந்தது. அவரை இங்கே அக்கா என்றே சொல்லிக்கொள்வோம். பூ வாங்கிக் கட்டி விற்கிறவர். மானியத்தில் வாங்கிய ஸ்கூட்டி ஒன்று அவர் பேரிலேயே இருக்கிறது. ஒருநாள் அவர் மகன் செல்போனைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ ஹெல்மெட் போடாம போனேன்னு ஆயிரம் ரூபா அபராதம் வந்துருக்கு" என்றான். எந்த ஊரில் என்று பார்த்தால், இங்கிருந்து நான்கு மணி நேரம் போக வேண்டிய ஒரு நகரம். அக்கா அந்த ஊருக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. போனதும் பஸ்ஸில், ஒரு துக்கத்துக்கு.

"போலீசு வம்பு நமக்கு எதுக்குத்தா, கட்டிப்புட்டா முடிஞ்சது" என்று குழுவில் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கிக் கட்டிவிட்டார். முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே நகரத்தில் இருந்து, அதே ஹெல்மெட் குற்றத்துக்கு இன்னொரு ஆயிரம் வந்தது. அப்போதுதான் அழுதுகொண்டே கூட்டத்துக்கு வந்தார்.

அந்த இரண்டாவது அபராதத்தை நாம் எப்படிப் படித்தோம் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பாடம். நம்மில் பலர் பேரில் இன்று வண்டி இருக்கிறது. 2018 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மானியமாகக் கிடைத்தது. அப்போது வாங்கியவர்கள் உண்டு. கடன் போட்டு மகனுக்கு வாங்கி, கடன் தன் பேரில் என்பதால் வண்டியும் தன் பேரிலேயே வைத்திருப்பவர்கள் அதைவிட அதிகம். கேமராவுக்கு ஓட்டுகிறவர் யார் என்று தெரியாது. நம்பர் பிளேட்டைத்தான் தெரியும். நம்பர் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அபராதம் வரும். ஓட்டுவது மகனும் மருமகனும், நோட்டீஸ் வருவது நமக்கு.

கேமரா என்ன செய்கிறது?

முதலில் அது வேலை செய்கிற விதம் தெரிய வேண்டும். சாலை ஓரக் கம்பத்திலோ சிக்னலிலோ கேமரா இருக்கும். வண்டி கடக்கும்போது படம் எடுக்கும். இரவில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை ஒளியைப் பாய்ச்சி எடுக்கும். பிறகு கம்ப்யூட்டர் இரண்டு வேலை செய்யும். ஒன்று, படத்தில் குற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது: தலையில் ஹெல்மெட் இருக்கிறதா, வண்டியில் மூன்று பேரா, சிவப்பு விளக்கில் கோட்டைத் தாண்டியதா. இரண்டு, நம்பர் பிளேட்டில் உள்ள எழுத்தை வாசிப்பது. வாசித்த நம்பரை அரசின் வாகனப் பதிவேட்டில் தேடினால் உரிமையாளர் பெயர், முகவரி, செல் நம்பர் எல்லாம் வந்துவிடும். இடையில் ஒரு காவலர் அந்தப் படத்தைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அபராதம் அனுப்ப வேண்டும். அந்த இ-சலான் நமக்கு எஸ்.எம்.எஸ். ஆக வருகிறது.

வேகத்தை அளக்கும் கேமராவில் கணக்கு இன்னும் எளிது. பள்ளியில் படித்ததுதான்: தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். ஒரு விநாடியில் 10 மீட்டர் போனால் மணிக்கு 36 கிலோமீட்டர். ரேடார் அலையை வண்டி மேல் வீசி, திரும்பி வருவதை வைத்தும் அளப்பார்கள். எப்படி அளந்தாலும் கருவி சரியாக இருந்தால்தான் கணக்கு சரியாக இருக்கும். பூ மார்க்கெட்டில் தராசுக்கு முத்திரை இருக்கிறதா என்று நாம் பார்க்கிறோம் இல்லையா? கேமராவுக்கும் அப்படி ஒரு முத்திரை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

தப்பு எங்கே நடக்கிறது?

இயந்திரம் பொய் சொல்லாது என்று சிலர் நினைக்கிறார்கள். ரேஷன் கடையில் கைரேகை விழாமல் மூன்று முறை நடந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரலை இயந்திரம் "நீ நீ இல்லை" என்று சொல்லும்போது, விரல் பொய்யா, இயந்திரம் பொய்யா?

கேமராவுக்கும் அப்படித்தான். நம்பர் பிளேட்டில் கரிசல் சேறு அப்பியிருந்தால், ஓரம் உடைந்திருந்தால், சாமி பேரும் தலைவர் படமும் போட்டு நம்பரைச் சின்னதாக எழுதியிருந்தால் அது தடுமாறும். ஆங்கில 'பி' எழுத்தும் 8-ம் ஒன்று போலத் தெரியும். 3-ம் 8-ம் மாறும். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான எல்லா வண்டிக்கும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் எழுத்து ஒரே அளவில், ஒரே வடிவில் இருக்கும்.

வெளிநாட்டில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். 2021-ல் இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில், பஸ் மட்டும் போக வேண்டிய பாதையில் ஒரு பெண் நடந்து போனார். அவர் பனியனில் 'நிட்டர்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. பின்னல் போடுகிறவர் என்று அர்த்தம். தோளில் மாட்டிய பையின் வார் எழுத்தின் மேல் விழுந்திருந்தது. கேமரா அந்தப் பனியனை ஒரு வண்டியின் நம்பர் பிளேட்டாக வாசித்துவிட்டது! அந்த நம்பர் உள்ள வேன் 120 மைல் தள்ளி வேறு ஊரில் இருந்தது. அதன் சொந்தக்காரருக்கு அபராத நோட்டீஸ் போனது. அவர் படத்தைப் பார்த்தார், அதில் வேனே இல்லை, ஒரு பெண் நடந்து போகிறார். கேட்டதும் ரத்து செய்தார்கள். நாம் இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு மதினி, "நல்லவேளை, நம்ம சேலையில நம்பர் போடல" என்றார்.

நெதர்லாந்தில் ஒருவர் கார் ஓட்டும்போது தலையைச் சொறிந்தார். செல்போன் பேசினார் என்று கேமரா முடிவு செய்து 380 யூரோ அபராதம் போட்டது. இது 2024-ல் செய்தியானது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் இன்னும் மோசம். 2012-ல், சிவப்பு விளக்கில் அசையாமல் நின்றுகொண்டிருந்த காருக்கு வேகமாகப் போனதாக அபராதம் வந்தது. பத்திரிகை ஒன்று தோண்டித் துருவ, அடுத்த ஆண்டு அந்தக் கேமராத் திட்டத்தையே நகரம் நிறுத்தியது. பிறகு வெளியான தணிக்கையில், நூற்றுக்குப் பத்துக்கும் மேல் தவறு என்று தெரிந்தது. அதற்கு முன்பு அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறு இல்லை என்று.

நம் நாட்டிலும் கார் வைத்திருப்பவருக்கு ஹெல்மெட் போடவில்லை என்று அபராதம் வந்த செய்தியைப் பேப்பரில் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறோம்.

ஒரு கணக்கு

"நூற்றுக்கு 99 சரி என்றால் நல்ல இயந்திரம்தானே" என்று தோன்றும். வட்டிக் கணக்குப் போடத் தெரிந்த நாம் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சிக்னலை 1,000 இருசக்கர வண்டிகள் கடக்கின்றன என்று வையுங்கள். அதில் 950 பேர் ஹெல்மெட் போட்டவர்கள், 50 பேர் போடாதவர்கள். கேமரா நூற்றுக்கு 99 சரியாகச் சொல்லும். அப்படியானால் போடாத 50 பேரையும் ஏறக்குறைய பிடித்துவிடும். போட்ட 950 பேரில் நூற்றுக்கு ஒருவரைத் தப்பாகப் பிடிக்கும், அது 9 அல்லது 10 பேர். ஆக மொத்தம் அபராதம் ஏறக்குறைய 60 பேருக்கு. அதில் 10 பேர் ஒன்றும் செய்யாதவர்கள். ஆறில் ஒன்று!

இயந்திரம் அதே 99-தான். ஆனால் ஒழுங்காகப் போகிறவர்கள் அதிகம் இருக்கிற இடத்தில், அபராதத்தில் தப்பானவையின் பங்கு கூடிவிடுகிறது. ஊரே ஹெல்மெட் போட ஆரம்பித்தால் இது இன்னும் கூடும். அதனால்தான் நடுவில் ஒரு மனிதர் படத்தைப் பார்க்க வேண்டும் என்கிறோம். அவர் பார்க்காமலே பொத்தானை அழுத்தினால் அந்தப் பத்துப் பேரும் மாட்டிக்கொள்வார்கள். (கணக்கில் வைத்த எண்கள் நாம் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை. உங்கள் குழுவில் வேறு எண்களைப் போட்டும் பார்க்கலாம்.)

அக்காவின் படத்தில் இருந்தது என்ன?

இரண்டாவது நோட்டீசுக்கு வருவோம். கூட்டமைப்பின் கணக்காளர் தங்கச்சி, பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் படத்தை எடுத்தார். முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அக்காவுடையது மெரூன் கலர் ஸ்கூட்டி. படத்தில் இருந்தது கறுப்பு பைக். ஓட்டியவர் ஒரு இளவட்டப் பையன்.

நம்பரைப் பெரிதாக்கிப் பார்த்தோம். 'டி.என். 67' போலத்தான் இருந்தது. 67 என்பது நம் விருதுநகர் பதிவு. இன்னும் பெரிதாக்கினால், அது 6 அல்ல, 5. பிளேட்டை முடுக்கிய போல்ட், 5-ன் கீழ் வயிற்றில் சரியாக உட்கார்ந்து, திறந்த வாயை அடைத்திருந்தது. கேமராவுக்கு 6 ஆகிவிட்டது. 57 என்றால் திண்டுக்கல். மீதி எழுத்தும் நம்பரும் இரண்டு வண்டிக்கும் ஒன்றே. ஒரே பைக், ஒரே போல்ட் என்பதால் இரண்டு முறையும் அதே தப்பு.

நமக்குக் கோபம் வந்தது போல்ட் மேல் அல்ல. அரசின் பதிவேட்டில் அக்காவின் வண்டி ஸ்கூட்டர் என்று இருக்கிறது, கலர் இருக்கிறது, கம்பெனி பேர் இருக்கிறது. படத்தையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அபராதம் போயிருக்காது. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை.

படத்தில் தேதியும் நேரமும் இருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை, இரவு 7.12. குழுத் தலைவி உடனே எழுந்து நடவடிக்கைப் புத்தகத்தை எடுத்து வந்தார். அன்று குழுக் கூட்டம்! ஏழு மணிக்குத் தொடங்கிய கூட்டத்தில் அக்காவின் கையெழுத்து நான்காவதாக இருந்தது. சந்தா 100 ரூபாய் கட்டியதும் பதிவாகியிருந்தது. பல வருடமாக "கையெழுத்துப் போடாமல் போகாதீர்கள்" என்று நாம் தொண்டை கிழியக் கத்தியது இப்படி உதவும் என்று யாரும் நினைக்கவில்லை.

இ-சலான் தளத்திலேயே புகார் கொடுக்கும் பகுதி இருக்கிறது. அதில் நோட்டீஸ் நம்பர், ஆர்.சி. நகல், ஸ்கூட்டியை முன்னும் பின்னும் எடுத்த போட்டோ, நடவடிக்கைப் புத்தகத்தின் அந்தப் பக்கம் எல்லாம் ஏற்றினோம். அதையே ஒரு மனுவாக எழுதி அந்த நகரத்துப் போக்குவரத்துக் காவல் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். பதில் கடிதம் வரவில்லை. சுமார் நாற்பது நாள் கழித்துப் பார்த்தபோது, அந்த அபராதம் பட்டியலில் இல்லை. வருத்தம் என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

முதலில் கட்டிய ஆயிரம்? அது வரவில்லை. கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அக்கா அந்தக் கடனை வட்டியோடு குழுவுக்குக் கட்டி முடித்துவிட்டார்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டபோது, மின்னணுக் கருவி மூலம் சாலையைக் கண்காணிக்க 136ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதை நடைமுறைப்படுத்த 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 167ஏ என்ற விதியைக் கொண்டுவந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் ஆபத்து அதிகமான பகுதிகளிலும், குறிப்பிட்ட நகரங்களிலும் கருவிகள் வைக்க வேண்டும் என்றது. அந்த நகரப் பட்டியலில் 132 ஊர்கள். நம் மாநிலத்தில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. பாளையம்பட்டிக்காரர்களுக்கு வடக்கே போனால் மதுரை, தெற்கே போனால் தூத்துக்குடி. நான்கு வழிச்சாலை நம் பக்கத்திலேயே போகிறது. ஆகவே இது பட்டணத்துக்காரர் விஷயம் என்று விட முடியாது.

அந்த விதியில் நமக்குச் சாதகமான சங்கதிகள் பல இருந்தன. கருவிக்கு அரசு நியமித்த அதிகாரியிடம் ஒப்புதல் சான்று வாங்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இதுதான் நாம் முன்னால் சொன்ன முத்திரை. கேமரா இருக்கிறது என்று முன்னதாகவே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். சிக்னலில் நிற்கும் கோடு தெளிவாக இருக்க வேண்டும். கோடே அழிந்துபோன இடத்தில் கோட்டைத் தாண்டினாய் என்று எப்படிச் சொல்வது? குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீசோடு குற்றமும் நம்பரும் தெளிவாகத் தெரிகிற படம், கருவி அளந்த அளவு, தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு மீறப்பட்டது என்ற விவரம், மின்னணு ஆதாரத்துக்கான சான்று எல்லாம் இருக்க வேண்டும். வழக்கு முடியும் வரை ஆதாரத்தை அழிக்கக் கூடாது.

இந்த வரிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். "படத்தைக் காட்டு, பலகை எங்கே, கருவிக்குச் சான்று எங்கே" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு என்பது மனதில் நின்றால் போதும்.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத் தொகைகள் உயர்த்தப்பட்டன. ஹெல்மெட் போடாததற்கு முன்பு 100 ரூபாய், அப்போதிருந்து 1,000. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டிக்கு முதல் தடவை 2,000. நூறாக இருந்தவரை தப்பாக வந்தாலும் சகித்துக்கொண்டோம். ஆயிரம் ஆன பிறகு சகிக்க முடியுமா?

இது நியாயமா?

தப்பாக வாசிப்பது ஒரு பிரச்சினை. சரியாகவே வாசித்தாலும் விதி நியாயமா என்பது இன்னொரு பிரச்சினை. சென்னையில் 2023 ஜூனில் போக்குவரத்துக் காவல்துறை கேமரா வைத்து, பகலில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போனால் அபராதம் என்று அறிவித்தது. அகலமான சாலையில் 40-ல் எப்படிப் போவது என்று மக்கள் கேட்டார்கள். அது நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் புதிய வரம்பு வந்தது: கார்களுக்கு 60, இருசக்கர வண்டிக்கு 50, ஆட்டோவுக்கு 40. கேமரா சரியாகத்தான் அளந்தது. வரம்புதான் பழசு. மக்கள் கேட்டதால் மாறியது.

கேரளத்தில் 2023 ஏப்ரலில் 726 கேமராக்களை ஒரே திட்டத்தில் தொடங்கினார்கள். ஜூன் 5-ல் இருந்து அபராதம் போட்டார்கள். அங்கே எழுந்த பெரிய கேள்வி எது தெரியுமா? புருஷன் பெண்டாட்டியோடு சின்னப் பிள்ளையையும் பைக்கில் கூட்டிப்போனால் மூன்று பேர், அபராதம். கார் வைத்திருப்பவர் பிள்ளையைக் காரில் கூட்டிப்போவார். பைக் மட்டும் இருப்பவர் என்ன செய்வார்? 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை விஷயத்தில் மத்திய அரசு முடிவு சொல்லும் வரை அபராதம் இல்லை என்று அப்போது அங்கே அறிவித்தார்கள். நமக்கும் இதில் இரண்டு மனசுதான். பிள்ளையை வைத்து மூன்று பேர் போவது ஆபத்து. ஆனால் சாயங்காலம் ஆனால் பஸ் வராத ஊரில் வேறு வழி என்ன என்று கேமரா கேட்பதில்லை.

அதே சமயம் கேமராவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் 17,884 பேர் இறந்தார்கள். நம் கூட்டமைப்பில் விபத்தில் கணவனை இழந்து, மகனை இழந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கேமரா கை நீட்டிக் காசு கேட்காது. ஜாதி பார்க்காது. கட்சிக்கொடி கட்டிய காரைப் பார்த்து சல்யூட் அடிக்காது. வளைவில் மறைந்து நின்று பெண்களை மறித்து ஏளனமாகப் பேசாது. இதெல்லாம் சின்ன விஷயமா?

இன்னொரு உறுப்பினர் கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்காவின் அபராதம் ரத்தானது என்றதும், "எனக்கும் பொய்யாத்தான் போட்டுருக்கான், எம்மவன் ஹெல்மெட் இல்லாம கிளம்பவே மாட்டான்" என்று ஒரு சின்னம்மா வந்தார். தளத்தில் படத்தை எடுத்தோம். அவர் வண்டி, அவர் நம்பர், அவர் மகன், பின்னால் இரண்டு கூட்டாளிகள். ஹெல்மெட் இருந்தது, கைப்பிடியில் தொங்கிக்கொண்டு! சின்னம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அபராதத்த அவன் சம்பளத்துலதான் கட்டணும், குழுவுல கடன் கேக்க மாட்டேன்" என்றார். அந்தக் குழு அதைத் தீர்மானமாகவே எழுதியிருக்கிறது.

வண்டி நம் பேரில் இருந்தால்

எஸ்.எம்.எஸ். வந்ததும் பதறாதீர்கள். அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். இப்போது திருடர்கள் அபராதம் என்ற பேரிலேயே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார்கள். அதில் உள்ள செயலியை ஏற்றினால் வங்கிக் கணக்கே காலி. உண்மையான அரசுத் தள முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடியும். நாமாக அந்தத் தளத்துக்குப் போய் வண்டி நம்பரைப் போட்டுப் பார்க்க வேண்டும், அல்லது விவரம் தெரிந்தவரை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே அபராதம் இல்லை என்றால் அந்தச் செய்தி பொய். பணம் போய்விட்டால் 1930-க்கு உடனே போன் செய்ய வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம்.

உண்மையான அபராதம் என்றால், கட்டுவதற்கு முன் படத்தைப் பாருங்கள். வண்டி நம்முடையதா, நம்பர் சரியா, அன்று வண்டி எங்கே இருந்தது? தப்பு என்றால் கட்டாமல் புகார் கொடுங்கள். நோட்டீசில் எத்தனை நாள் கெடு என்று போட்டிருக்கிறதோ அதற்குள் கொடுக்க வேண்டும். சும்மா இருந்துவிட்டால் விவகாரம் கோர்ட்டுக்குப் போகக் கூடும். அப்படிப் போனாலும் பயம் வேண்டாம். 1987-ம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. அருப்புக்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். போனில் என்றால் 15100.

பலருக்கு அபராதம் வந்ததே தெரியாமல் போகிறது. காரணம், ஆர்.சி.யில் வண்டி விற்ற ஏஜென்சிக்காரர் தன் செல் நம்பரைப் போட்டிருப்பார், அல்லது பழைய சிம் இருக்கும். இதைப் பரிவாகன் தளத்தில் மாற்றலாம்.

வண்டியை விற்றவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. "புத்தகத்தக் குடுத்தாச்சு, காசு வாங்கியாச்சு" என்று இருக்கக் கூடாது. விற்றதை 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பேர் மாறும்வரை அந்த வண்டி எங்கே என்ன செய்தாலும் நோட்டீஸ் நம் வீட்டுக்கு வரும். அபராதமாவது பரவாயில்லை, விபத்து வழக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?

18 வயது ஆகாத பையனிடம் சாவியைக் கொடுக்கிறவர்கள் 199ஏ பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். அவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க முடியும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். இதில் கேமரா தப்பா சரியா என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த மாதக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

ஒவ்வொரு குழுவிலும் எத்தனை உறுப்பினர் பேரில் வண்டி இருக்கிறது, அதை யார் ஓட்டுகிறார், ஆர்.சி.யில் உள்ள செல் நம்பர் யாருடையது என்று எழுதுங்கள். இதுவரை அபராதம் கட்டியவர்கள் இருந்தால், படத்தைப் பார்த்துவிட்டுக் கட்டினார்களா என்று கேட்டு அதையும் எழுதுங்கள். மேலே சொன்ன 1,000 வண்டிக் கணக்கைப் பலகையில் போட்டு, 950-க்குப் பதில் 990 பேர் ஹெல்மெட் போட்டவர்கள் என்று வைத்தால் தப்பான அபராதம் எத்தனை என்று கண்டுபிடியுங்கள்.

வண்டி உள்ள சகோதரிகள் அடுத்த கூட்டத்துக்கு ஆர்.சி. நகலும், சார்ஜ் போட்ட செல்போனும் கொண்டு வாருங்கள். கணக்காளர் தங்கச்சி வருகிறார். அப்படியே நம்பர் பிளேட்டையும் துடைத்து, போல்ட் எந்த எழுத்தின் மேல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.